லண்டன் வீட்டில் தண்ணீர் நூலாக வந்தால்

ஈஸ்ட் ஹாமிலோ ஹாரோவிலோ வீடு பிடித்து, பெட்டியைக்கூடப் பிரிக்காமல் குளிக்கப் போவீர்கள். ஷவரில் தண்ணீர் நூல் பிடித்தாற்போல் வடியும். உடனே பிளம்பரைக் கூப்பிட வேண்டாம். எட்டிப் பார்க்கவே நல்ல காசு கேட்பார்.

முதலில் சமையலறையின் பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் அது தெருக் குழாயிலிருந்து நேராக வருவது. 4.5 லிட்டர் பிடிக்கிற வாளி 30 வினாடியில் நிரம்பினால் தெருத் தண்ணீர் சரியாகவே இருக்கிறது. நிரம்பவில்லையா, பக்கத்து வீட்டில் கேளுங்கள். அங்கேயும் அதே கதை என்றால் தண்ணீர்க் கம்பெனிக்குப் போன் போடுங்கள். லண்டனில் பெரும்பாலும் தேம்ஸ் வாட்டர், ஹாரோ பக்கம் அஃபினிட்டி வாட்டர்.

உங்கள் வீட்டில் மட்டும்தான் என்றால், சிங்க்குக்குக் கீழே குனிந்து ஸ்டாப்காக்கை, அதாவது வீட்டுக்குள் வரும் தண்ணீரைத் திறந்து மூடும் திருகைத் தேடுங்கள். முன்பு ரிப்பேருக்கு வந்தவர் பாதி திறந்து விட்டுப் போயிருப்பார். இடப்பக்கமாக முழுக்கத் திறந்து, பிறகு வலப்பக்கமாகக் கால் சுற்று மட்டும் திருப்பி விடுங்கள். இறுகிப் போயிருந்தால் மல்லுக்கட்டாதீர்கள், பழைய ஸ்டாப்காக் ஒழுக ஆரம்பித்துவிடும். வாஷ்பேசினுக்கு அடியில் பைப்பிலேயே ஒரு சின்ன வால்வு இருக்கும். அதன் ஸ்க்ரூ கீறல் பைப்போடு ஒரே கோட்டில் இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே இருந்தால் மூடியிருக்கிறது.

என் வீட்டில் இது எதுவுமே இல்லை. சுண்ணாம்பு! லண்டன் தண்ணீர் கடினத் தண்ணீர். கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான் ஷவர் துளைகளையும் அடைக்கிறது. பிளாஸ்டிக் பையில் வெள்ளை வினிகர் ஊற்றி, ஷவர் தலை முங்கும்படி ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி, இரவு முழுக்க விட்டேன். காலையில் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்ததும் பொருக்கு பொருக்காக உதிர்ந்தது. குளியலறை இரண்டு நாள் ஊறுகாய்க் கடை மாதிரி மணந்தது, ஆனால் ஷவர் பழைய நிலைக்கு வந்துவிட்டது. குழாய் முனையில் இருக்கும் சின்னச் சல்லடையையும் கழற்றி இப்படியே ஊற வைக்கலாம்.

அப்புறம், பழைய வீடுகளில் கூரைக்குக் கீழே, லாஃப்டில், ஒரு தொட்டி இருக்கும். நம் ஊர் மொட்டைமாடி சின்டெக்ஸின் தம்பி. உயரம் ஒரு மீட்டருக்கு 0.1 பார் (அழுத்தத்தின் அளவு) அழுத்தம்தான் கிடைக்கும். மாடிக் குளியலறையின் ஷவருக்கும் தொட்டிக்கும் இரண்டு மீட்டர்கூட இருக்காது, பிறகு ஃபோர்ஸ் எங்கிருந்து வரும்? ஊரில் தெருக் குழாயில் மோட்டார் போட்டுப் பழகியவர்கள் இங்கே அந்த வேலை செய்ய வேண்டாம். நிமிடத்துக்கு 12 லிட்டருக்கு மேல் இழுக்கும் பம்ப்பை மெயின் லைனில் பொருத்துவதற்கு முன் தண்ணீர்க் கம்பெனிக்குத் தெரிவித்துச் சம்மதம் வாங்க வேண்டும்.

தொட்டி இல்லாத வீடு என்றால் அநேகமாகக் காம்பி பாய்லர்தான், ரேடியேட்டரையும் குழாய் வெந்நீரையும் ஒன்றே பார்த்துக்கொள்ளும். அதில் அழுத்தம் காட்டும் ஒரு முள் இருக்கும், ஒன்றுக்கும் ஒன்றரை பாருக்கும் நடுவில் நிற்கும். அது ரேடியேட்டருக்குள் சுற்றும் தண்ணீரின் அழுத்தம், குழாய்த் தண்ணீருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இது தெரியாமல் நான் ஒருமுறை முள்ளை ஏற்றிவிட்டு, சோப்பு போட்ட உடம்போடு ஷவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பச்சைத் தண்ணீர் வேகமாக வந்து வெந்நீர் மட்டும் மெலிந்தால், கோளாறு பாய்லர் பக்கம். அதன் மூடியைத் திறக்கிற வேலை, கேஸ் வேலைக்கான கேஸ் சேஃப் பதிவு உள்ளவருடையது.

வாடகை வீடு என்றால் தண்ணீர்க் குழாய்களைப் பழுது பார்த்து வைப்பது வீட்டுக்காரர் பொறுப்பு, 1985ஆம் ஆண்டு வீட்டுக்காரர்-வாடகைதாரர் சட்டத்தின் 11ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. ஏஜென்டிடம் போனில் புலம்பாமல், வாளி நிரம்புவதை வீடியோ எடுத்து ஈமெயிலில் அனுப்புங்கள்.