ஷாட் பீனிங் பண்ண ஸ்டீல்ல ரெசிடுவல் ஸ்ட்ரெஸை எக்ஸ்ரேல அளக்குறது எப்படி

ஷாட் பீனிங்னா சின்னச் சின்ன குண்டுகளை வேகமா அடிச்சு சர்ஃபேஸை இறுக்குறது, ரெசிடுவல் ஸ்ட்ரெஸ்னா வெளிய லோடு இல்லாதப்பவும் உள்ள தங்கியிருக்குற ஸ்ட்ரெஸ். எக்ஸ்ரே அணு அடுக்குகள்ல பட்டு எந்த ஆங்கிள்ல பலமா திரும்பி வருதுன்னு (அதுதான் பீக்) பாத்து, அணு இடைவெளியை அளந்து இதைக் கண்டுபிடிக்கிறோம்.

முதல்ல ஒண்ணு, சர்ஃபேஸை எமரி பேப்பர்ல தேய்ச்சு பளபளன்னு ஆக்கிட்டு அளக்காதீங்க, தேய்க்கிறதே புதுசா ஒரு ஸ்ட்ரெஸை உள்ள ஏத்திடும், அப்புறம் நீங்க அளக்குறது பீனிங்கை இல்ல உங்க கை வேலையைத்தான். எண்ணெய் அழுக்கை மட்டும் துடைச்சா போதும்.

ஃபெர்ரைட், மார்ட்டென்சைட் (ஸ்டீலோட படிக அமைப்பு வகைகள்) ஸ்டீலுக்கு குரோமியம் எக்ஸ்ரே டியூப் போடுங்க. 211ங்கிற அணு அடுக்கோட (பிளேன்) பீக், டூ தீட்டா, அதாவது எக்ஸ்ரே திரும்புற ஆங்கிள், 156 டிகிரி பக்கத்துல வரும், அவ்ளோ பெரிய ஆங்கிள்ல இருக்குறதாலதான் அணு இடைவெளி துளி மாறினாலும் பீக் நகர்றது நல்லா தெரியுது.

சாம்பிளை சாய்ச்சு சாய்ச்சு, பிளஸ் மைனஸ் ரெண்டு பக்கமும், ஏழெட்டு சை ஆங்கிள்ல (சாய்க்கிற கோணம்) பீக் எடுங்க. இடைவெளியை சைன் ஸ்கொயர் சைக்கு எதிரா பிளாட் பண்ணா நேர்கோடு வரணும். கோடு கீழ இறங்கினா கம்ப்ரெசிவ் (அமுக்குற ஸ்ட்ரெஸ்), பீனிங்ல அதுதான் வேணும். பிளஸ்ஸும் மைனஸும் ரெண்டா பிரிஞ்சா ஷியர் ஸ்ட்ரெஸ் (பக்கவாட்டுல நழுவ வைக்கிறது) இருக்கு, இல்லைன்னா அலைன்மென்ட் தப்பு. அதனால ஸ்ட்ரெஸ் இல்லாத இரும்புத் தூளை முன்னாடியே அளந்துடுங்க, பிளஸ் மைனஸ் 14 மெகாபாஸ்கலுக்குள்ள வரணும், வரலன்னா மெஷினை சரிபண்ணாம மேல போகவே வேண்டாம். கோடு அலை அலையா வந்தா டெக்ஸ்சரோ (படிகங்கள் பெரும்பாலும் ஒரே திசையில நிக்கிறது) பெரிய கிரெயினோ (படிகத் துகள்) காரணம்.

எக்ஸ்ரே சுமார் 5 மைக்ரான்தான் உள்ள போகும், ஆனா பீனிங்ல அதிகபட்ச கம்ப்ரெஷன் பெரும்பாலும் அதுக்கும் கீழதான் இருக்கும். எலக்ட்ரோபாலிஷ்ல (கரண்ட் விட்டு திரவத்துல கரைக்கிறது) கொஞ்சம் கொஞ்சமா கரைச்சு, ஒவ்வொரு ஆழத்துலயும் திரும்ப அளங்க.