சிறை உள்ள தொகுதியில் யாரை எண்ணுவது?

மலேசியாவில் தொகுதி எல்லைச் சீரமைப்பு அறிவிப்பு வந்ததும் வரைபடத்தை விரிக்காதீர்கள். எதை எண்ணி எல்லை போடுகிறார்கள், மக்கள்தொகையையா வாக்காளர் பட்டியலையா என்று முதலில் பாருங்கள். சிறை உள்ள தொகுதியின் கணக்கில் கைதிகளும் சேர்வார்களா என்ற குழப்பத்தில் பாதி அங்கேயே தீரும்.

அமெரிக்காவில் எண்ணுவது தலைகளை. ஏப்ரல் 1 அன்று சிறையில் இருப்பவரை அந்நாட்டுக் குடிமதிப்பு சிறை முகவரியிலேயே சேர்க்கிறது. பெரும்பாலான மாநிலங்களில் அவருக்கு ஓட்டு இல்லை, ஆனாலும் தொகுதியை அவர் தலை நிரப்பும். அயோவாவின் அனமோசா நகரில் ஒரு வார்டின் ஏறத்தாழ 1,400 பேரில் சுமார் 1,300 பேர் கைதிகளாக இருந்தார்கள். அங்கே 2 ஓட்டு வாங்கியவர் நகரமன்றத்துக்குப் போனார். மேரிலாந்தும் நியூயார்க்கும் 2010-இல் சட்டம் போட்டன: கைதிகளைச் சிறைப் பகுதியில் கழித்து, முன்பு குடியிருந்த முகவரியில் கூட்ட வேண்டும். கணக்கு எளிது, முகவரிதான் தகராறு. வீட்டு எண் இல்லாத பதிவை எந்தப் பகுதியில் கூட்டுவது?

நம் நாட்டில், கைதிகளால் தொகுதி வீங்குகிறது என்ற அந்த வாதத்தை அப்படியே எடுத்து வைத்தால் எடுபடாது. அரசியலமைப்பின் 13-ஆவது அட்டவணைப்படி எண்ணப்படுவது நடப்பு வாக்காளர் பட்டியல். காவலில் இருப்பதால் மட்டுமே ஒரு தொகுதியில் இருப்பவர் அங்கே வசிப்பவர் ஆகமாட்டார் என்கிறது அரசியலமைப்பின் 119(2) பிரிவு. தண்டனை அனுபவிப்பவருக்கு வாக்காளர் தகுதியே இல்லை என்கிறது 119(3). விசாரணைக் கைதி தண்டனை பெற்றவர் அல்ல. அவர் பெயர் வீட்டுத் தொகுதியில்தான் நிற்க வேண்டும். கோலாலம்பூரில் இருந்த புடு சிறை 1996-இல் மூடப்பட்டது. இன்று கோலாலம்பூர்க்காரர் காஜாங்கிலோ சுங்கை பூலோவிலோ அடைக்கப்பட்டாலும் சிலாங்கூர்த் தொகுதிக் கணக்கில் ஏறக்கூடாது.

ஆகவே பினாங்கின் ஜாவி சிறையில் எத்தனை பேர் என்று தேடி அலைவது வீண். சிறையைச் சுற்றியுள்ள வாக்களிப்பு வட்டாரத்தின் பட்டியலை எடுத்து, லோக்காலிட்டி (வட்டாரத்தின் உட்பிரிவு) வாரியாகப் பிரியுங்கள். பினாங்கில் அதன் குறியீடு நாடாளுமன்றம், சட்டமன்றம், வட்டாரம், லோக்காலிட்டி என்று போகும். கோலாலம்பூரில் சட்டமன்றம் இல்லாததால் அந்த இடத்தில் 00. சிறை முகவரியில் பெயர்கள் கொத்தாக இருந்தால் உடனே கூச்சல் போடாதீர்கள். வார்டன் குவார்ட்டர்ஸில் குடியிருக்கும் ஊழியரும் குடும்பத்தாரும் முறையான வாக்காளர்கள். குவார்ட்டர்ஸைக் கைதிகள் என்று எழுதிய எதிர்ப்பு மனு முதல் கேள்வியிலேயே விழும். 2021 டிசம்பர் 15 முதல் பதிவு தானாக நடக்கிறது, மைகார்டு (அடையாள அட்டை) முகவரிதான் தொகுதியைத் தீர்மானிக்கிறது. பழைய முகவரியே மைகார்டில் கிடப்பதுதான் நீங்கள் அதிகம் காணப்போகும் கோளாறு.

பிறகு சராசரி. மாநில வாக்காளர் மொத்தத்தை இடங்களால் வகுங்கள்: பினாங்குக்கு 13 நாடாளுமன்ற, 40 சட்டமன்ற இடங்கள். சந்தேகத்துக்குரிய பெயர்களை நீக்கியும் நீக்காமலும் தொகுதி சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று இரு முறை போட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லையென்றால் சிறை வாதத்தை விட்டுவிட்டு, தொகுதிகளின் சமமின்மையைப் பிடியுங்கள். பெரும்பாலும் விஷயம் அங்கேதான் இருக்கும்.

அறிவிப்பு வெளியான நாளிலிருந்து ஒரு மாதம்தான் அவகாசம். பாதிக்கப்படும் தொகுதியின் நடப்புப் பட்டியலில் உள்ள 100 பேராவது சேர்ந்து எதிர்த்தால் தேர்தல் ஆணையம் உள்ளூர் விசாரணை நடத்தியே ஆக வேண்டும். கோயில் திருவிழாவில் கையெழுத்து வாங்கினால் பாதிப்பேர் வெளித் தொகுதிக்காரர்களாக இருப்பார்கள். அடையாள அட்டை எண்ணைப் பட்டியலோடு ஒப்பிட்டு, 130 வரை சேர்த்து வையுங்கள். திருத்திய பரிந்துரை மறுபடி வெளியானால் இன்னொரு வாய்ப்பு உண்டு. ஆனால் இரண்டு விசாரணைக்கு மேல் நடத்த ஆணையத்துக்குக் கட்டாயம் இல்லை; பிறகு அது பிரதமர் வழியாக மக்களவைக்குப் போய்விடும்.