மண்ணிலும் தாரிலும் ஓடும் பைக்குக்கு டயர் தேர்வும் மாட்டும் முறையும்

முன் டயரை முதன்முதலில் நானே மாற்றிய அன்று இரண்டு மணி நேரம் பிடித்தது. காற்றடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். காலையில் பார்த்தால் டயர் தரையோடு சப்பையாகக் கிடக்கிறது. பிரித்தேன். புது டியூபின் உள்வளைவில், பிளேடால் கீறியது போல அரை அங்குல வெட்டு. அடுத்த டியூபுக்கும் அதே கதி. மூன்றாவது முறைதான் சூட்சுமம் பிடிபட்டது. டயரின் இரண்டாவது விளிம்பை ரிம்மில் ஏற்றுவதில்தான் அது இருக்கிறது. கீழே 'கடைசிப் பக்கம்' என்ற பகுதியில் அதைத்தான் விரிவாக எழுதியிருக்கிறேன். அவசரத்தில் இருப்பவர்கள் நேராக அங்கே போகலாம்.

எந்த டயர்?

நூறு கிலோமீட்டர் ஓட்டினால் அதில் எத்தனை மண்ணில் என்று உங்களையே கேட்டு உண்மையான பதிலை எழுதிக்கொள்ளுங்கள். வாங்கும் நேரத்தில் எல்லோருக்கும் பெரிய பெரிய பட்டன், அதாவது துருத்தி நிற்கும் ரப்பர் கட்டிகள், வைத்த டயர் மேல்தான் ஆசை. ஆனால் தார்ச்சாலையில் பட்டன் சீக்கிரம் தேயும், உறுமும். ஈரத் தாரில் ரப்பர் தரையைத் தொடும் பரப்பு குறைவு என்பதால் பிரேக் பிடித்தால் வண்டி தள்ளி நிற்கும். பாதிக்கு மேல் மண், மணல், சேறு என்று ஓட்டுபவருக்கு கான்டினென்டல் டிகேசி 80, பைரெல்லி எம்டி 21 மாதிரி இடைவெளி விட்ட பட்டன் டயர் பொருந்தும். பெரும்பாலும் தாரில் ஓடி, எப்போதாவது சரளைப் பாதையில் இறங்குபவருக்கு நடுவில் ரப்பர் நெருக்கமாக இருக்கும் டயரே போதும். முன்னால் பட்டன், பின்னால் கொஞ்சம் நெருக்கமான டயர் என்று போடுவதுதான் என் பழக்கம். மண்ணில் முன் சக்கரம் வழுக்கினால் சமாளிப்பது கஷ்டம். பின் சக்கரம் வழுக்கினால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம்.

அளவை டயரின் பக்கவாட்டிலேயே படிக்கலாம். 90/90-21 54எச் என்றிருந்தால் அகலம் 90 மி.மீ., உயரம் அந்த அகலத்தில் 90 சதவீதம், அதாவது 81 மி.மீ., ரிம் 21 அங்குலம். 54 என்ற எண் அந்த டயர் 212 கிலோ தாங்கும் என்பதைக் குறிக்கிறது. எச் என்றால் மணிக்கு 210 கி.மீ. வரை. வண்டியின் கையேட்டில் உள்ள எடை, வேகக் குறியீடுகளுக்குக் கீழே போகாதீர்கள். அகலத்தையும் கூட்டாதீர்கள். குறுகிய ரிம்மில் அகல டயர் போட்டால் டயர் உருண்டு நிற்கும். பின்னால் செயினில் உரசவும் வாய்ப்புண்டு.

டிஓடி என்ற எழுத்துகளுக்குப் பின் கடைசி நான்கு இலக்கங்களையும் பாருங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. பளபளவென்று இருந்தாலும் பழைய ரப்பர் கெட்டிப்பட்டிருக்கும்.

கருவிகள்

கரண்டி முனை கொண்ட குட்டை டயர் லிவர் மூன்று. நீள லிவரை நான் தொடுவதே இல்லை. அதன் பலத்தில் டயர் எப்படியும் ஏறிவிடும், நாம் செய்யும் தப்பு கைக்குத் தெரியாது. குட்டை லிவரில் முறை தப்பினால் டயர் அசையவே அசையாது. அதுவே நமக்கு எச்சரிக்கை. இவற்றோடு சோப்புத் தண்ணீர், முகப் பவுடர், வால்வு பின் கழற்றும் சாவி, டிஸ்க் தரையில் படாமல் சக்கரத்தைத் தாங்க இரண்டு மரக்கட்டைகள். புது டயரை ஒரு மணி நேரம் வெயிலில் போட்டு வையுங்கள், இளகிவிடும்.

பழையதைக் கழற்றுதல்

சக்கரத்தைக் கழற்றத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். அச்சில் வரும் ஸ்பேசர் வளையம் எந்தப் பக்கம் இருந்தது என்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வால்வு பின்னை எடுத்து முழுக் காற்றையும் இறக்குங்கள். ரிம் லாக், அதாவது டயர் நழுவாமல் அதன் விளிம்பை ரிம்மோடு அழுத்திப் பிடிக்கும் கட்டை, இருந்தால் அதன் நட்டைத் தளர்த்தி, போல்ட்டை உள்ளே தள்ளுங்கள். டயரின் விளிம்பு, அதாவது பீட், ரிம்மோடு ஒட்டியிருக்கும். இரு பக்கமும் ஏறி மிதித்து அதை விடுவியுங்கள். மசியாவிட்டால் இன்னொரு பைக்கின் சைடு ஸ்டாண்டை டயர் மேல் வைத்து, அந்த வண்டியைச் சாய்த்து அழுத்தினால் 'டப்' என்று விடும்.

லிவரால் டயரையும் டியூபையும் வெளியே எடுங்கள். ஸ்போக் முனைகளை மூடியிருக்கும் ரிம் டேப் கிழிந்திருந்தால் மாற்றுங்கள். ஸ்போக் முனை ஒன்று துருத்தினாலும் டியூப் போச்சு. பழைய டயரின் உள்பக்கத்தையும் கையால் தடவிப் பாருங்கள். பஞ்சர் ஆன டயர் என்றால் முள் இன்னும் அதிலேயே இருக்கலாம்.

கடைசிப் பக்கம்

சுற்றும் திசை அம்புக்குறியைப் பார்த்து, முதல் பக்கத்தை ஏற்றுங்கள். அது சுலபம். டியூபில் பவுடர் பூசி, உருண்டை வடிவம் வரும் அளவுக்கு மட்டும் காற்று விட்டு உள்ளே வையுங்கள். வால்வை ஓட்டையில் விட்டு நட்டை இரண்டு மரை மட்டும் திருகுங்கள்.

இப்போது ரிம்மை உற்றுப் பாருங்கள். நடுவில் ஒரு பள்ளம் ஓடுகிறது. அங்கே ரிம்மின் சுற்றளவு குறைவு. எதிர்ப்பக்க பீட் அந்தப் பள்ளத்தில் இறங்கி இருந்தால்தான் இந்தப் பக்கம் தளர்வு கிடைக்கும். வால்வின் அடிப்பாகம் பள்ளத்தை அடைத்துக்கொண்டிருப்பதால் வால்வு இருக்கும் இடத்தில் பீட் இறங்காது. எனவே இரண்டாவது பக்கத்தை வால்வுக்கு நேர் எதிரில் தொடங்கி, வால்வில் வந்து முடிக்க வேண்டும். நான் இரண்டு முறையும் வால்வில் தொடங்கி எதிரில் முடித்தேன். கடைசி ஒரு சாண் ஏறாமல் நின்றபோது லிவரை முழுப் பலத்தோடு மடக்கினேன். அந்த இடத்தில்தான் டியூப் கிழிந்தது.

இரு முழங்கால்களாலும் ஏற்கெனவே ஏறிய பகுதியைப் பள்ளத்துக்குள் அழுத்திப் பிடியுங்கள். மீதி பீட்டில் சோப்புத் தண்ணீர் தாராளமாகத் தடவுங்கள். லிவரை ரிம் விளிம்பைப் பிடிக்கும் அளவுக்கு மட்டும் நுழைத்து, ஒரு தடவைக்கு இரண்டு விரல் அகலம் மட்டும் எடுங்கள். ரிம் லாக் வரும் இடத்தில் பீட் அதற்கு அடியில், ரிம்மோடு ஒட்டிப் போக வேண்டும். வால்வை நெருங்கியதும் அதை ஒருமுறை உள்ளே தள்ளி விடுங்கள். பீட்டுக்கு அடியில் சிக்கிய டியூப் மேலே எழும்பிவிடும். கை வலித்தால் நிறுத்துங்கள், எதிர்ப்பக்கத்தைப் போய்ப் பாருங்கள். நிச்சயம் அங்கே பீட் பள்ளத்தை விட்டு ஏறி உட்கார்ந்திருக்கும்.

காற்றும் சரிபார்ப்பும்

ஒருமுறை காற்றடித்து முழுதும் இறக்கிவிடுங்கள், டியூபின் மடிப்பு நீங்கும். மறுபடி அடியுங்கள், ஆனால் டயரில் எழுதிய உச்ச அளவைத் தாண்டாதீர்கள். ரிம்மை ஒட்டி டயரில் ஓடும் மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே இடைவெளியில் தெரிய வேண்டும். ஒரு பக்கம் அமிழ்ந்திருந்தால் காற்றை இறக்கி, அங்கே சோப்புத் தண்ணீர் விட்டுத் திரும்ப அடியுங்கள். பிறகு கையேட்டில் உள்ள அளவுக்குக் குறைத்து, ரிம் லாக் நட்டை இறுக்குங்கள்.

சக்கரத்தை மாட்டியதும், செயின் தொய்வைப் பார்த்ததும், வண்டியில் ஏறும் முன் பிரேக்கைக் கெட்டியாகும் வரை பலமுறை அழுத்துங்கள். பிரேக் பேட் விலகியிருந்தால் முதல் அழுத்தலில் பிரேக் பிடிக்காது. புது ரப்பர் வழுவழுப்பாக இருக்கும், முதல் நூறு கிலோமீட்டர் திருப்பங்களில் நிதானம் வேண்டும்.

பின்சேர்க்கை: ஸ்போக் ரிம்மில் டியூப்லெஸ் டயர் போடலாமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். அதற்கான வேக, எடை அளவுகள் பொருந்தினால் டியூபோடு போடலாம். ஆனால் பீட் விறைப்பாக இருப்பதால் மாட்டுவது இன்னும் சிரமம். இன்னொருவருக்கு வால்வு சாய்ந்துகொண்டே போனது. காற்றைக் குறைத்து மண்ணில் ஓட்டும்போது டயர் ரிம்மில் நழுவி, டியூபையும் இழுக்கிறது என்று அர்த்தம். அவர் வால்வு நட்டை ரிம்மோடு இறுக்கி வைத்திருந்தார். அதை மேலே ஏற்றி மூடியோடு சேர்த்து வையுங்கள். வால்வு சாய்ந்தால் கண்ணுக்குத் தெரியும், அடியோடு பிய்வதற்குள் காற்றை இறக்கிச் சரிசெய்துவிடலாம்.