ஆட்டோமேட்டிக் ரைட்டிங்: ஆவி வேணாம், ஒரு நோட்டு போதும்

ஆட்டோமேட்டிக் ரைட்டிங்னா யோசிக்காம, நிறுத்தாம மனசுல வர்றதை அப்படியே எழுதிட்டே போறது. இந்தப் பேரைச் சொன்னாலே பாதி பேரு ஆவி வந்து நம்ம கையை புடிச்சு எழுதும்னு நினைச்சுக்கறாங்க. அதெல்லாம் இல்லைங்க. சுத்தி உக்காந்து கை வச்சா ஆவி வந்து மேஜையை நகர்த்துதுன்னு ஊரே கிளம்பினப்ப 1853லயே விஞ்ஞானி ஃபாரடே சோதிச்சுப் பாத்து, மேல கை வச்சிருக்கவங்கதான் தங்களுக்கே தெரியாம தள்றாங்கன்னு காட்டிட்டாரு. எழுதுற கையும் அப்படித்தான், வர்றது எல்லாம் உங்க சரக்குதான்.

நான் சொல்லப்போறது 1919ல பாரிஸ்ல ஆந்த்ரே பிரெத்தோன், ஃபிலிப் சூப்போங்கற ரெண்டு கவிஞருங்க பண்ணின முறை. பிரெத்தோன் டாக்டருக்கு படிச்சவரு, போர் நேரத்துல மனநல ஆஸ்பத்திரில வேலை பாத்தப்ப, மனசுல வர்றதை தடுக்காம பேச விடுற ஃப்ராய்டு முறையைப் பாத்துட்டு, இதையே நாம பேப்பர்ல பண்ணா என்னன்னு கிளம்பினாரு. 1924ல சர்ரியலிச அறிக்கையில (கனவையும் ஆழ்மனசையும் வச்சு கலை பண்ணின இயக்கம் அது) செய்முறையவே எழுதி வச்சுட்டாரு.

முதல்ல ஃபோனை தூர வைங்க. ஃபோன்ல டைப் பண்ணா அடுத்த வார்த்தையை அதுவே எடுத்துக் குடுக்கும், அப்புறம் அது கூகுளோட ஆழ்மனசு, உங்களுது இல்ல. ஒரு பழைய நோட்டு, தடங்கல் இல்லாம ஓடுற பேனா, யாரும் கூப்பிடாத ஒரு பத்து நிமிஷம். தலைப்பு எதுவும் யோசிக்காதீங்க.

அப்புறம் வேகம், மொத்த விஷயமும் இதுலதான் இருக்கு. எழுதினதை திரும்பப் படிக்கணும்னு தோணக்கூட நேரமில்லாத அளவுக்கு ஓட்டணும். சின்ன ல-வா பெரிய ள-வான்னு நின்னீங்கன்னா அந்த செகண்டே உள்ள இருக்கற தமிழ் வாத்தியார் முழிச்சுக்குவாரு, அதனால தப்பா இருந்தா தப்பாவே போகட்டும், பேசுற மாதிரியே எழுதுங்க. முதல் ரெண்டு மூணு நிமிஷம் கரண்ட் பில்லு, மாவு அரைக்கணும், என்னத்த எழுதன்னு குப்பையாத்தான் வரும், அதையும் எழுதுங்க, அதைத் தாண்டித்தான் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாத வார்த்தைங்க பக்கத்துல பக்கத்துல வந்து உக்காரும்.

ஒரு வரி ரொம்பத் தெளிவா, அழகா வந்துருச்சா? சந்தோஷப்படாதீங்க, நீங்க யோசிக்க ஆரம்பிச்சுட்டீங்கன்னு அர்த்தம். அங்கயே வெட்டிட்டு கொஞ்சம் இடம் விட்டு, முன்னாடியே முடிவு பண்ணி வச்ச ஒரு எழுத்தைப் போட்டு அதுல தொடங்குற வார்த்தையில இருந்து திரும்ப ஓட்டணும். பிரெத்தோன் ‘எல்’ எழுத்தை சொல்றாரு, நமக்கு ‘ல’ வச்சா லாரி, லட்டு, லீவோட கதை முடிஞ்சுரும், க இல்லன்னா ம வச்சுக்கோங்க.

பத்து நிமிஷம் ஆச்சுன்னா மூடிருங்க. பிரெத்தோனும் சூப்போவும் ஒரு நாளைக்கு எட்டு பத்து மணி நேரம் எழுதி, கடைசில இல்லாததெல்லாம் கண்ணுல தெரிய ஆரம்பிச்சு பயந்துட்டாங்க. ஏற்கனவே காதுல குரல் கேக்குது, மனசு சரியில்லன்னு ட்ரீட்மெண்ட்ல இருக்கவங்க இதைத் தொடாம இருக்கறதே நல்லது.

ஒரு வாரம் கழிச்சு படிங்க. வேலையை விடலாமா, இந்த பொண்ணு செட் ஆகுமான்னு கேட்டுட்டு எழுதி அதை அருள்வாக்கு மாதிரி எடுத்துக்காதீங்க, உங்க ஆசையும் பயமும்தான் அதுல இருக்கும். அதோட வர்றதெல்லாம் பொக்கிஷமும் இல்ல: 1896ல ஹார்வர்டுல, பின்னாடி பெரிய எழுத்தாளரான கெர்ட்ரூட் ஸ்டைனும் கூட ஆராய்ச்சி பண்ணின லியோன் சாலமன்ஸும் தங்கள் மேலயே சோதனை பண்ணி எழுதின கட்டுரையைப் பாத்தா, கவனம் இல்லாம கை எழுதினது வாக்கியம் மாதிரி இருக்கும், அர்த்தம்னு பெருசா ஒண்ணும் இருக்காது. நாலு பக்கத்துல ஒரு வரி உங்களை உலுக்குச்சுன்னா அதை மட்டும் வேற நோட்டுல எடுத்து எழுதிக்கோங்க, கவிதை எழுதறவங்களுக்கு அதுவே பெரிய விஷயம்.

தனியா போரடிச்சா ஃப்ரெண்டு ஒருத்தரை சேத்துக்கலாம், பிரெத்தோனும் சூப்போவும் ஒரு பகுதியை மாத்தி மாத்தி வசனம் மாதிரி எழுதியிருக்காங்க. நீங்க ஒரு வரி, அவரு ஒரு வரி, பதில் பொருந்தணும்னு கட்டாயம் இல்ல. என்ன, வாய்விட்டு சிரிக்கற ஆளா இருந்தா மட்டும் கூப்பிடாதீங்க, வேகம் போயிரும்.