பயிற்சிக்கு முன் பட்டறை வாசல்: கும்பகோணம் பகுதி இளைஞர்களுக்குத் தொழில் கற்றுக்கொடுக்க முனைவோருக்கு ஒரு வழிகாட்டி

வேலையில்லாத இளைஞர்களுக்கு ஏதாவது தொழில் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று ஒரு தெருவோ, ஊர்நலச் சங்கமோ, பழைய மாணவர் குழுவோ முடிவு செய்தவுடன் வகுப்பறையையும் பயிற்றுநரையும் தேடத் தொடங்கிவிடுகிறார்கள். அவை இரண்டையும் கடைசியாகத் தேடுங்கள். முதலில் தேட வேண்டியது, பயிற்சி முடிந்த மறுநாள் அந்தப் பிள்ளையை வேலைக்கு எடுத்துக்கொள்ளப்போகும் பட்டறையையும் கடையையும் விடுதியையும்தான். கும்பகோணத்தில் சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் இதைத் தலைகீழாகச் செய்தோம். வெளியூரிலிருந்து வந்த ஒரு பயிற்சி நிறுவனத்தை நம்பி, கணினியில் தரவு உள்ளிடும் பயிற்சிக்கு இருபத்திரண்டு பேரைச் சேர்த்துவிட்டோம். மூன்று மாதம் கழித்துச் சான்றிதழ் வந்தது, வேலை வரவில்லை. அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கிய பிள்ளைகளின் முகம் இன்னும் என் மனத்தைவிட்டு அகலவில்லை. கீழே எழுதுபவை அதற்குப் பின் நாங்கள் கற்றுக்கொண்டவை.

முதல் இரண்டு வாரங்களுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். உங்கள் ஊரிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரத்திற்குள் சென்று வரக்கூடிய பட்டறைகள், பாத்திரக்கடைகள், அரிசி ஆலைகள், லாட்ஜுகள், மருத்துவமனைகள் ஆகியவற்றுக்கு நேரில் செல்லுங்கள். "ஆள் வேண்டுமா?" என்று கேட்காதீர்கள், மரியாதைக்காக எல்லோரும் வேண்டும் என்றுதான் சொல்வார்கள். "கடைசியாக நின்றுபோன பையன் எதனால் நின்றான், அவனுக்கு எது வரவில்லை?" என்று கேளுங்கள். அப்போதுதான் உண்மை வெளிவரும். மின்வேலை ஒப்பந்தக்காரர், பையனுக்குக் கம்பி இழுக்கத் தெரியும், ஆனால் சாமான் பட்டியல் எழுதத் தெரியாது என்பார். நவக்கிரகக் கோயில்களுக்கு வரும் வடநாட்டுப் பயணிகளை நம்பியிருக்கும் லாட்ஜ்காரர், நாலு வார்த்தை இந்தி பேசி அறையைக் காட்ட ஆளில்லை என்பார். பாத்திரக்கடை முதலாளிக்கு ஜிஎஸ்டி பில்லும் இருப்புக் கணக்கும் தெரிந்த ஒரு பெண் தேவைப்படலாம். ஒரே குறை எத்தனை இடங்களில் திரும்பத் திரும்ப வருகிறதோ, அதுவே நீங்கள் கற்றுக்கொடுக்க வேண்டிய பாடம்.

டெல்டாவில் எந்த வேலைகள் வளரும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். 2020ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் உருக்காலைகள், தோல் பதனிடும் ஆலைகள், புதிய எண்ணெய் எரிவாயுத் திட்டங்கள் போன்றவற்றை இங்கே தடை செய்கிறது. மண்ணையும் நீரையும் காக்கும் அந்தச் சட்டம் நமக்குத் தேவையானது என்றே நான் உறுதியாக நினைக்கிறேன். ஆகவே நம் பிள்ளைகளின் பிழைப்பு வேளாண் இயந்திரங்கள், உணவு பதப்படுத்துதல், கட்டுமானம், வாகனப் பழுது, கோயில் சுற்றுலா ஆகியவற்றைச் சுற்றியே அமையும். தஞ்சாவூரில் 2024இல் மினி டைடல் என்ற தகவல் தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டிருப்பதால் கணினி படித்தவர்களுக்கும் அருகிலேயே ஒரு வாசல் இருக்கிறது. 2028இல் மகாமகம் வருகிறது. விடுதிகளும் உணவகங்களும் அதற்கு முன்பே புதுப்பிக்கப்படும் என்பதால், குழாய் வேலையும் மின்வேலையும் குளிர்சாதனப் பழுதும் இப்போதே கற்கத் தொடங்குபவனுக்கு அந்த நேரத்தில் கை தேர்ந்திருக்கும்.

இவற்றுள் நாம் மிகவும் கவனிக்கத் தவறுவது அறுவடை இயந்திரம்தான். ஈர வயலில் பெல்ட் வண்டியும் காய்ந்த வயலில் டயர் வண்டியும் ஓடுகின்றன; பருவத்தில் பெரும்பாலும் வெளி மாவட்டத்து ஓட்டுநர்களே அவற்றை ஓட்டி வந்து சம்பாதித்துச் செல்கிறார்கள். வண்டி நடு வயலில் நின்றுவிட்டால், பழுதுபார்ப்பவர் வந்து சேரும்வரை கதிர் சாய்ந்துகொண்டே இருக்கிறது. ஹைட்ராலிக் குழாயையும் பேரிங்கையும் அங்கேயே மாற்றத் தெரிந்த உள்ளூர்ப் பையன் ஒருவன் இருந்தால், அவனைத் தேடிப் பத்து ஊரிலிருந்து போன் வரும். வேளாண்மைப் பொறியியல் துறையின் அலுவலகத்தில் இயந்திரப் பயிற்சிகளைப் பற்றிக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து பிள்ளைகள். எல்லோரையும் ஒரே வகுப்பில் அடைக்க வேண்டாம். பள்ளியோடு நின்றவனுக்கும், ஐடிஐ முடித்து வீட்டில் இருப்பவனுக்கும், பொறியியல் பட்டம் வாங்கிவிட்டுச் சொல்லவும் மெல்லவும் முடியாமல் தவிப்பவனுக்கும் தேவைகள் வேறு. பட்டம் பெற்றவனின் வீட்டில் பெற்றோரிடமும் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும்; "இஞ்சினியருக்குப் படிக்க வைத்துவிட்டுப் பட்டறைக்கா அனுப்புவது?" என்று கேட்கும் தகப்பனாரை அவமதிக்காமல், அவர் விற்ற நிலத்தையும் பட்ட கடனையும் மனத்தில் வைத்துப் பேசுங்கள்.

அரசின் கதவுகள் பல திறந்தே இருக்கின்றன. எந்தக் கதவு யாருக்கு என்று சொல்லத்தான் ஆளில்லை. பத்தாம் வகுப்பு முடித்தவனை அரசு தொழிற்பயிற்சி நிலையத்திற்கு அனுப்புங்கள். எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கும் வெல்டர், வயர்மேன் போன்ற பிரிவுகள் உண்டு. கல்லூரியில் இன்னும் படித்துக்கொண்டிருப்பவர்கள் 2022இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் படிப்புகளை ஏனோதானோ என்று முடிக்காமல், தங்கள் துறைக்கேற்பத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். சொந்தத் தொழில் தொடங்கும் எண்ணமுள்ள கிராமத்துப் பிள்ளைகளுக்கு, வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனங்களில் உணவோடும் தங்குமிடத்தோடும் இலவசப் பயிற்சி கிடைக்கிறது. தஞ்சையில் இதை இந்தியன் ஓவர்சீஸ் வங்கி நடத்துகிறது. வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க மறக்கக் கூடாது.

தொழில் பழகுநர் (அப்ரென்டிஸ்) பயிற்சியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் கையில் பணம் வரும் பயிற்சி அதுதான். 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டத்தின்படி முப்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் பழகுநர்களைக் கட்டாயம் எடுக்க வேண்டும். 2019இல் திருத்தப்பட்ட விதிகள் படிப்புக்கேற்ப மாதம் 5,000 முதல் 9,000 ரூபாய்வரை குறைந்தபட்ச உதவித்தொகையை வகுத்தன. கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட அரசுப் போக்குவரத்துக் கழகம், பொன்மலை ரயில்வே பணிமனை, திருச்சி பெல் ஆகியவை பழகுநர்களை எடுக்கும் அறிவிப்புகளைத் தொடர்ந்து கவனிப்பதற்கென்றே உங்கள் குழுவில் ஒருவரை அமர்த்துங்கள். நம் ஊர்ப் பட்டறைகள் பெரும்பாலும் சிறியவை என்பதால் அவற்றுக்குச் சட்டக் கட்டாயம் இல்லை. அங்கே முதலாளி, பையன், உங்கள் குழு மூவரும் கையெழுத்திட்ட ஒரு பக்கத் தாள் வேண்டும்: எந்த மாதத்தில் எந்த வேலை கற்றுத்தரப்படும், எவ்வளவு தொகை, அடிபட்டால் செலவு யாருடையது.

முறையாக எங்கும் படிக்காமல் ஐந்தாறு ஆண்டு கையாளாகவே மின்வேலை செய்தவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது, பலருக்குத் தெரியாது. ஐந்தாண்டு அனுபவமும் இருபத்தொரு வயதும் நிரம்பியவர்கள் அரசின் மின் கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வை எழுதலாம். அந்தத் தேர்வுக்காக எங்களிடம் வந்த ஒருவரிடம், இரண்டு அறை வீட்டுக்குச் சாமான் பட்டியல் எழுதுங்கள் என்று தாளைக் கொடுத்தேன். இருட்டில்கூடச் சுவிட்ச் பெட்டியைப் பிரித்துச் சேர்க்கும் கை, பேனாவைப் பிடித்ததும் நடுங்கியது. விளக்குக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பி, பிளக்குக்கு 2.5, ஏசிக்கு 4 என்று வாயால் சொன்னார், எழுத வரவில்லை. நாள்தோறும் ஒரு வீடு என்று மூன்று வாரம் எழுதவைத்தோம். முதலில் பொருளின் பெயர், அடுத்து அளவு, அடுத்து விலை, கடைசியில் கூலி. இப்படி ஒரு தாளைத் தானே எழுதிக் கொடுக்க முடிந்த அன்றுதான் கையாள் ஒருவர் வீட்டுக்காரரிடம் நேராக வேலை பேசத் தொடங்குகிறார். எந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்தாலும் இந்தத் தாளைச் சேர்த்துக் கற்றுக்கொடுங்கள்.

வகுப்பு நாட்களை ஆற்றோடு சேர்த்து வகுக்க வேண்டும். வழக்கமாக மேட்டூர் அணை ஜூன் 12இல் திறக்கிறது. குறுவை அறுப்பு புரட்டாசி, ஐப்பசியிலும் சம்பா அறுப்பு தை, மாசியிலும் வரும். அந்த நாட்களில் வயலிலும் கொள்முதல் நிலையத்திலும் கிடைக்கும் கூலியை விட்டுவிட்டு வகுப்புக்கு வரச் சொல்வது நியாயமில்லை. பெண்களுக்கான வகுப்பென்றால் மாலை ஐந்து மணிக்குள் முடித்துவிடுங்கள். நகரப் பேருந்தில் கட்டணமில்லாப் பயணம் இருந்தாலும், கடைசி வண்டியைத் தவறவிட்ட பெண்ணை மறுநாள் வீட்டில் அனுப்பமாட்டார்கள்.

நம் வட்டாரத்தில் யாரும் சிங்கப்பூரையும் வளைகுடாவையும் நினைக்காமல் இருப்பதில்லை. அதைத் தடுக்க வேண்டியதுமில்லை. ஆனால் ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்பதை அரசின் இ-மைகிரேட் தளத்தில் பார்க்கும்வரை பாஸ்போர்ட்டையோ பணத்தையோ கொடுக்க வேண்டாம் என்று ஒவ்வொருவரிடமும் சொல்லுங்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். தாயின் நகையை அடகு வைத்து இலட்சங்களைக் கட்டியபின் அழுதுகொண்டு வருபவர்களுக்கு நாம் செய்ய முடிவது மிகக் குறைவு.

வேலையில் சேர்த்தபின் ஆறு மாதம் விடாதீர்கள். முதல் சம்பளம் வரும்வரை பேருந்துக் கட்டணத்திற்கும் மதியச் சாப்பாட்டிற்கும் ஒரு சிறு தொகையைக் கடனாகக் கொடுங்கள். பலர் வேலை பிடிக்காமல் நிற்பதில்லை, அந்த முப்பது நாளைக் கடக்க முடியாமல் நிற்கிறார்கள். ஞாயிறுதோறும் பேசி, அந்த வாரம் புதிதாகக் கையில் எடுத்த கருவி எது என்று கேளுங்கள். மூன்றாம் மாதமும் டீ வாங்கி வருவதே வேலையாக இருந்தால், அந்த ஒரு பக்கத் தாளை எடுத்துக்கொண்டு முதலாளியைப் பாருங்கள். அதற்குப் பின்னும் மாறவில்லையென்றால் பையனை வேறு பட்டறைக்கு மாற்றிவிடுங்கள்.