பிச்சாவரம் அலையாத்திக் காடு: பள்ளிச் செயல்திட்டத்துக்கு ஒரு போஸ்டர் கலர் ஓவியம்

சுற்றுச்சூழல் என்று தலைப்புக் கொடுத்து ஓவியம் வரைந்து வரச் சொன்னால், வகுப்பில் பெரும்பாலானோர் உலக உருண்டையைத்தான் வரைகிறார்கள். இரண்டு கைகள் அதைத் தாங்கும். ஒரு பக்கம் பச்சை மரம், மறுபக்கம் பட்ட மரம். கீழே ஒரு முழக்கம். தவறில்லைதான். ஆனால் அதில் பார்த்து வரைய ஒன்றுமில்லை, ஆகவே கற்றுக்கொள்ளவும் ஒன்றுமில்லை. உண்மையான ஓர் இடத்தை எடுத்துக்கொண்டால் வேலையே வேறாகிவிடும். இங்கே நான் எடுத்துக்கொள்வது பிச்சாவரம். சிதம்பரத்துக்குக் கிழக்கே, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட கழிமுகத்தில் பரவிக் கிடக்கும் அலையாத்திக் காடு. நீர், மரம், வேர், படகு. இவ்வளவுதான் படத்தில் வரப்போகிறது.

தூரிகையைப் புதிதாகப் பிடிக்கும் உயர்நிலைப் பள்ளி மாணவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். ஓவியம் நன்றாக வருமா வராதா என்பது வண்ணப் புட்டியைத் திறப்பதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது என்பது என் கட்சி. அதனால் முதல் பாதி முழுக்கப் பென்சில் வேலைதான். அவசரப்பட்டு நேராக வண்ணத்துக்குத் தாவாதீர்கள்.

படி 1: எதை வரைகிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

காட்டை ‘மரங்கள்’ என்று பொதுவாக நினைத்தால் கை தானாகவே பழுப்புத் தண்டும் பச்சை மேகமும் வரையும். பிச்சாவரத்தில் இரண்டு வகை மரங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வாய்க்காலின் ஓரத்தில் நீரை ஒட்டி நிற்பது சுரபுன்னை. அதன் தண்டிலிருந்து முட்டு வேர்கள் வளைந்து இறங்கிச் சேற்றில் ஊன்றியிருக்கும். இலை தடித்து, பளபளப்பாக, அடர்பச்சையாக இருக்கும். முதிர்ந்த இலைகள் மஞ்சளாகும். அதற்குப் பின்னால் காட்டின் உட்புறத்தில் நிற்பது வெண்கண்டல். இதன் இலையின் அடிப்புறம் சாம்பல் வெண்மை. முட்டு வேர் இதற்குக் கிடையாது. சேற்றிலிருந்து குச்சி குச்சியாக மேல்நோக்கி நீட்டும் சுவாச வேர்கள் இருக்கும்.

அறிவியல் பாடத்தில் படித்த இந்த வேறுபாடு ஓவியத்தில் நேரடியாக உதவுகிறது. முன்னால் அடர்பச்சை, பின்னால் சாம்பல் பச்சை என்று இயற்கையே பிரித்து வைத்திருக்கிறது. தொலைவில் உள்ளவை வெளிறித் தெரியும் என்பது ஓவியத்தின் பழைய விதி. இங்கே தாவரமும் அந்த விதியும் ஒரே பக்கம் நிற்கின்றன.

நேரில் போக முடிந்தால் போய்ப் படகில் உட்கார்ந்தபடி நான்கைந்து படம் எடுத்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் வெவ்வேறு கோணத்தில் எடுத்த பல புகைப்படங்களைப் பாருங்கள். ஒரே படத்தை வைத்து அப்படியே நகலெடுப்பதை நான் விரும்புவதில்லை. அது பிறர் தேர்ந்தெடுத்த காட்சி. உங்களுக்குத் தேர்ந்தெடுக்கும் வேலையே மிஞ்சாது.

படி 2: பொருள்கள்

போஸ்டர் கலர் போதும். நீர்வண்ணத்தில் வெள்ளை வேண்டிய இடத்தைத் தொடாமல் விட்டுவைக்க வேண்டும். போஸ்டர் கலரில் அடர்வண்ணத்தின்மேல் வெளிர்வண்ணம் பூசலாம். தொடக்க நிலையில் அந்தச் சலுகை பெரியது. வெள்ளை, லெமன் யெல்லோ, யெல்லோ ஆக்கர், அல்ட்ராமரைன் நீலம், பிரஷ்யன் நீலம், பர்ன்ட் சியன்னா, கிரிம்சன் ஆகிய ஏழு வண்ணங்கள். வெள்ளை மட்டும் இரண்டு புட்டி வாங்குங்கள், அதுதான் முதலில் தீரும். கறுப்புப் புட்டியை மூடியே வையுங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

தாள் ஏ3 அளவில், 200 ஜி.எஸ்.எம். (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) அல்லது அதற்கு மேல். கடையில் ‘சார்ட்’ என்று கேட்டால் கிடைப்பது அறிவிப்பு எழுதத்தான் லாயக்கு. ஈரம் பட்டதும் நெளியும். டிராயிங் ஷீட் என்று கேட்டு வாங்குங்கள். 12ஆம் எண் தட்டைத் தூரிகை ஒன்று, 6, 2 எண்களில் உருண்டைத் தூரிகை ஒவ்வொன்று, பழைய பீங்கான் தட்டு, இரண்டு குவளைத் தண்ணீர் (ஒன்று தூரிகை கழுவ, ஒன்று வண்ணம் கரைக்க), பருத்தித் துணி, மாஸ்கிங் டேப், ஒரு பிளைவுட் துண்டு.

படி 3: சின்னப் பெட்டிகளில் யோசியுங்கள்

நோட்டுப் புத்தகத்தில் 7 செ.மீ. உயரம், 10 செ.மீ. அகலத்தில் மூன்று பெட்டிகள் போடுங்கள். ஏ3 தாளின் அளவு 29.7 × 42 செ.மீ. சுற்றிலும் ஏறத்தாழ 1 செ.மீ. விட்டால் 28 × 40 கிடைக்கும். அதாவது உங்கள் சின்னப் பெட்டியைப்போல் சரியாக நான்கு மடங்கு. பெரிதாக்கும்போது கணக்குக் குழம்பாது.

ஒவ்வொரு பெட்டியிலும் காட்சியை வெவ்வேறு விதமாக அடுக்கிப் பாருங்கள். விவரம் எதுவும் வேண்டாம். வெளிர், இடைநிலை, அடர் என்ற மூன்று நிறத்திட்டுகள் மட்டும், 2பி பென்சிலால். வானமும் நீரில் தெரியும் அதன் எதிரொளியும் வெளிர். தொலைதூர மரங்கள் இடைநிலை. முன்னால் இருக்கும் சுரபுன்னையும் வேரடி இருட்டும் அடர். இந்த மூன்றையும் வைத்தே ‘இது நீரோடை, இது காடு’ என்று தெரிந்தால் அந்தப் பெட்டி தேறியது. தெரியாவிட்டால் எத்தனை அழகான பச்சை பூசினாலும் அது தேறாது. வண்ணத்தைவிட அடர்த்தி முக்கியம் என்பதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

நான் பரிந்துரைக்கும் அடுக்கு இது: இடது கரை பெரிதாக, நமக்கு அருகே, வலது கரை சிறிதாக, தள்ளி. இரண்டும் உள்நோக்கிக் குறுகி, நடுவிலிருந்து சற்றே வலப்பக்கம் ஒரு புள்ளியில் சேர்கின்றன. வெளிச்சம் வலது மேல்புறத்திலிருந்து வருகிறது. படகு ஒன்றே ஒன்று, நட்ட நடுவில் அல்லாமல் வலது மூன்றில் ஒரு பங்குக்குள்.

படி 4: அடிவானமும் படகில் இருப்பவர் தலையும்

இங்கேதான் பலருடைய படம் கவிழ்கிறது. நதியை மேலிருந்து பார்ப்பதுபோலவும் படகைப் பக்கத்திலிருந்து பார்ப்பதுபோலவும் வரைந்துவிடுவார்கள். இதற்கு எளிய விதி இருக்கிறது: அடிவானக் கோடு என்பது பார்ப்பவரின் கண்மட்டம். நீங்கள் படகில் உட்கார்ந்து பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டால், எதிரே வரும் எந்தப் படகிலும் உட்கார்ந்திருப்பவரின் கண் அந்தக் கோட்டிலேயே இருக்கும். படகு அருகில் இருந்தாலும் தொலைவில் இருந்தாலும் இது மாறாது. மாறுவது படகின் அடிப்பகுதி. தொலைவில் போகப் போக அது கோட்டை நெருங்கும்.

நம் தாளில் அடிவானத்தைக் கீழிருந்து 12 செ.மீ. உயரத்தில் வையுங்கள். சரிபாதியான 14ஐத் தவிர்த்தால் படம் இரண்டாகப் பிளந்ததுபோல் தெரியாது. படகு நீரைத் தொடும் இடம் 9 செ.மீ. என்று கொள்வோம். இடைப்பட்ட 3 செ.மீ. என்பது நீர்மட்டத்திலிருந்து உட்கார்ந்திருப்பவர் கண்வரை உள்ள உயரம். நிஜத்தில் ஏறக்குறைய ஒரு மீட்டர். எழுந்து நின்று கழி ஊன்றுபவரையும் வரைவதானால் அவர் தலை கோட்டுக்கு மேலே 2 செ.மீ. போல நீளும். இந்த ஒரு கணக்கு சரியாக இருந்தால் ஆள் பொம்மையாகவும் தெரியமாட்டார், பூதமாகவும் தெரியமாட்டார்.

இனி சின்னப் பெட்டியின் பக்கங்களையும் பெரிய தாளின் பக்கங்களையும் நான்கு நான்காகப் பிரித்து மெல்லிய கோடுகள் போட்டு, கட்டத்துக்குக் கட்டம் எச்.பி. பென்சிலால் மாற்றுங்கள். அழுத்தாமல் வரையுங்கள். இலை, அலை எதையும் பென்சிலில் வரைய வேண்டாம்.

படி 5: பச்சையைக் கலப்பது

முக்கியத் தாளைத் தொடும் முன் ஒரு துண்டுத் தாளில் பச்சைகளைச் சோதியுங்கள். புட்டியில் வரும் பச்சையை நான் வாங்கச் சொல்லாததற்குக் காரணம், அதை அப்படியே பூசினால் காடு முழுவதும் ஒரே பச்சையாகி, பிளாஸ்டிக் செடிபோல் ஆகிவிடும்.

பிரஷ்யன் நீலத்தோடு லெமன் யெல்லோ சேர்த்தால் கூர்மையான, ஆழமான பச்சை. அதில் பர்ன்ட் சியன்னா கொஞ்சம் விட்டால் சுரபுன்னையின் நிழல்பக்கம் வந்துவிடும். அல்ட்ராமரைனோடு யெல்லோ ஆக்கரும் வெள்ளையும் சேர்த்தால் சாம்பல் பச்சை. அது பின்னால் நிற்கும் வெண்கண்டலுக்கு. வெயில் படும் இலைக்கு லெமன் யெல்லோவைத் தூக்கலாகவும் நீலத்தைத் துளியாகவும் எடுங்கள். பச்சை கண்ணை உறுத்தினால் அதன் எதிர்வண்ணமான சிவப்பில் ஒரு துளி, அதாவது கிரிம்சன், அதை அடக்கும்.

கறுப்பு? அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியன்னாவும் சம அளவில் கலந்தால் கறுப்புக்கு மிக அருகில் ஓர் இருட்டு கிடைக்கும். அதில் நீலம் கூடினால் குளிர்ச்சி, பழுப்புக் கூடினால் வெதுவெதுப்பு. புட்டிக் கறுப்பில் இந்த இரண்டும் இல்லை, நிழல் ஓட்டை விழுந்ததுபோல் தெரியும்.

காய்ந்த பிறகு அடர்வண்ணம் சற்று வெளிறும், வெளிர்வண்ணம் சற்று அடரும். அதனால் துண்டுத் தாளில் காயவிட்டுப் பார்த்தே முடிவெடுங்கள். அந்தத் தாளைத் தூக்கிப் போடாதீர்கள், பின்னால் வேலை இருக்கிறது.

படி 6: பின்னாலிருந்து முன்னால்

தாளைப் பலகையில் நான்கு பக்கமும் டேப் ஒட்டி இறுக்குங்கள். வெள்ளையில் அல்ட்ராமரைனைத் துளித்துளியாகச் சேர்த்து வானத்துக்குக் கலவை செய்யுங்கள். நீலத்தில் வெள்ளையைக் கொட்டினால் கலவை பெருகிக்கொண்டே போகும், நிறம் வெளிறாது. வானத்துக்கும் நீரின் நடுப்பகுதிக்கும் சேர்த்து ஒரே தடவையில் கலந்துவிடுங்கள். மறுபடி அதே நிறம் வராது. தட்டைத் தூரிகையால் கிடைமட்டமாக இழுங்கள். அடிவானத்தை நெருங்கும்போது ஒரு துளி ஆக்கர் சேருங்கள். நீர்ப்பகுதியிலும் இதையே பூசுங்கள். காயட்டும்.

அடுத்து தொலைவு மரங்கள், சாம்பல் பச்சையில் ஒரே திட்டாக. இலை போடக் கை துறுதுறுக்கும், கூடாது.

பிறகு முன் மரங்கள். முதலில் முழு உருவத்தையும் அடர்பச்சையில் நிரப்புங்கள். வெளிவிளிம்பு மேடும் பள்ளமுமாக இருக்கட்டும்; மரம் என்று தெரிவது அந்த விளிம்பால்தான். காய்ந்ததும் இடைநிலைப் பச்சையை ஒவ்வொரு கொத்தின் வலது மேல்பக்கம் வையுங்கள். கடைசியில் வெயில் பச்சை, மிகக் குறைவாக. அடித்தளத்தில் பாதியாவது இருட்டாகவே மிஞ்ச வேண்டும். மேல்பூச்சு கெட்டியாக, ஒரே இழுப்பில் இருக்கட்டும். நனைந்த தூரிகையால் தேய்த்துக்கொண்டே இருந்தால் அடிவண்ணம் கரைந்து எல்லாம் சேறாகும்.

படி 7: வேர்கள்

பிச்சாவரம் படத்தின் உயிர் இங்கேதான், நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். வேர்களை வெறும் கோடுகளாக வெள்ளைத் தாளில் போட்டால் வைக்கோல் பிரி. முதலில் நீருக்கும் இலைத்தொகுதிக்கும் நடுவே உள்ள பட்டையை அல்ட்ராமரைன், பர்ன்ட் சியன்னா இருட்டால் நிரப்புங்கள். காய்ந்ததும், அந்த இருட்டின்மேல் பர்ன்ட் சியன்னாவில் கொஞ்சம் வெள்ளை சேர்த்துப் பின்வரிசை வேர்களை மங்கலாக வரையுங்கள். பிறகு ஆக்கரும் வெள்ளையும் கூடுதலாக்கி முன்வரிசை வேர்கள்.

6ஆம் எண் தூரிகையைத் தண்டில் அழுத்தித் தொடங்கி, வெளிப்பக்கம் வளைத்து, கீழே இறங்கும்போது தூக்கிக்கொண்டே வாருங்கள்; கோடு தானாக மெலியும். சில வேர்கள் பாதி வழியில் இரண்டாகப் பிரியட்டும். இரண்டு வேர்களுக்கு நடுவே இடைவெளி சமமாக இருக்கக் கூடாது. எண்ணி வரைந்ததுபோல் தெரிந்தால் இரண்டொன்றை இருட்டால் மூடிவிடுங்கள். வேர் நீரைத் தொடும் இடத்தில் ஈரச்சேற்றின் அடர்பழுப்பு ஒரு மெல்லிய பட்டையாக வர வேண்டும்.

படி 8: நீர்

கழிமுக நீர் நீலமாக இருக்காது. மரத்தின் பச்சையும் சேற்றின் பழுப்பும் வானத்தின் வெளிச்சமும் கலந்ததுதான் அதன் நிறம். கரைக்கு நேர் கீழே, மரத்துக்குப் பயன்படுத்திய அடர்பச்சையில் ஆக்கர் சேர்த்துச் சற்று வெளிறச் செய்து, மேலிருந்து கீழாக இழுங்கள். எதிரொளி எப்போதும் பொருளுக்கு நேர் கீழேதான் விழும், சாய்ந்து விழாது. வலப்பக்கம் சாய்ந்து இறங்கும் வேரின் எதிரொளி, நீர்க்கோட்டை மடிப்பாகக் கொண்டு தலைகீழாகும். பொருளின் அடர் எதிரொளியில் கொஞ்சம் வெளிறும், வெளிர் கொஞ்சம் அடரும்.

காய்ந்தபின் வான நிறத்தில் நான்கைந்து கிடைமட்டக் கீற்றுகள். அருகே இடைவெளி விட்டு, தொலைவில் நெருக்கி. அவ்வளவுதான், அலை அலையாக வளைக்க வேண்டாம்.

படி 9: படகு

பச்சையின்மேல் நேராகச் சிவப்பைப் பூசினால் மங்கிவிடும். படகின் வடிவத்தை முதலில் வெள்ளையால் நிரப்பி, காய்ந்ததும் கிரிம்சனில் ஆக்கர் கலந்து பூசுங்கள். படத்திலேயே இது ஒன்றுதான் சிவப்பாக இருக்க வேண்டும். அப்போதுதான் கண் அங்கே போகும். ஆட்களுக்கு 2ஆம் எண் தூரிகையில் இரண்டு மூன்று தொடுதல்கள் போதும். இந்த அளவில் மூக்கு, வாய் வரைவது வீண் வேலை. படகின் கீழே அதன் எதிரொளி மறக்க வேண்டாம்.

இப்போது கைபேசியில் படம் எடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். உங்கள் சின்னப் பெட்டியில் போட்ட மூன்று திட்டுகள் அப்படியே தெரிகின்றனவா? பெரும்பாலும் முன் மரங்கள் போதிய அடர்த்தி இல்லாமல் இருக்கும். அங்கே மட்டும் நிழலைக் கூட்டுங்கள்.

படி 10: கோப்பும் ஒப்படைப்பும்

ஓவியத்தோடு ஒரு பக்கக் குறிப்பு கேட்பார்கள். இடம், மரங்களின் பெயர், வேர்களின் வேலை ஆகியவற்றைச் சொந்த வாக்கியங்களில் எழுதுங்கள். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது இந்தக் காட்டின் மறைவில் இருந்த குடியிருப்புகளில் சேதம் குறைவாக இருந்ததாகப் பதிவாகியிருப்பதையும் சேர்க்கலாம். சின்னப் பெட்டிகளையும் பச்சை சோதித்த தாளையும் கோப்பில் ஒட்டுங்கள். இதை நீங்களே யோசித்துச் செய்தீர்கள் என்பதற்கு அவைதான் சாட்சி.

முழுதும் காய்ந்த பிறகே டேப்பைப் படத்துக்கு வெளிப்பக்கமாக, தாளோடு ஒட்டிய சாய்வில், மெதுவாக உரியுங்கள். சுருட்டாதீர்கள், கெட்டியான பூச்சு வெடிக்கும். மேலே ஒரு பட்டர் பேப்பரை வைத்து, இரண்டு அட்டைகளுக்கு நடுவில் தட்டையாக எடுத்துச் செல்லுங்கள். மழைக்காலமாக இருந்தால் பிளாஸ்டிக் உறையும் அவசியம், ஒரு சொட்டு நீர் பட்டாலும் போஸ்டர் கலர் கரையும். பெயர், வகுப்பு, பிரிவு ஆகியவற்றைப் பின்பக்கம் பென்சிலால் எழுதுங்கள். அதையும் டேப் ஒட்டுவதற்கு முன்பே எழுதிவிடுவது நல்லது.