பாஞ்சோ, மாண்டலின்: வாயால் சொல்லிவிட்டுக் கையில் எடுங்கள்

அமெரிக்காவின் பழைய நாட்டுப்பாடல், ப்ளூஸ், ஜாஸ் மூன்றையும் பாஞ்சோவிலும் மாண்டலினிலும் வாசிக்கத் தொடங்குபவர்களுக்குச் சொல்கிறேன். மாண்டலின் கற்க வருபவர்கள் பெரும்பாலும் உ. ஸ்ரீனிவாஸைக் கேட்டுவிட்டு வருகிறார்கள். அவர் வாசித்தது எலெக்ட்ரிக் மாண்டலின், ஒற்றை ஒற்றைக் கம்பி. கமகம் பிடிக்க அதுதான் தோது. அமெரிக்காவின் கென்டக்கி, டென்னசி பக்கத்துப் பாட்டுக்கும் ப்ளூஸுக்கும் வேண்டியது மரப்பெட்டி மாண்டலின். 8 கம்பி, ஜோடி ஜோடியாக 4 வரிசை, ஜி-டி-ஏ-ஈ என்று சுருதி. பெட்டியில் சுருள் வேலைப்பாடு வைத்த எஃப் மாடல் வேண்டாம். அந்தச் சுருளுக்குத்தான் கூடுதல் காசு, ஏ மாடலே போதும். பாஞ்சோ கேட்கும்போது "தோல் போட்ட வட்டப் பாஞ்சோ" என்று விளக்கிக் கேளுங்கள். இல்லையென்றால் பொத்தான் வைத்த புல்புல்தாராவை எடுத்து நீட்டுவார்கள்.

பாஞ்சோவில் பிரிட்ஜ் (கம்பிகளைத் தாங்கும் சின்னக் கட்டை) ஒட்டப்பட்டிருக்காது, கம்பியின் அழுத்தத்தில்தான் நிற்கிறது. அதனால் கம்பி மாற்றும்போது ஒவ்வொன்றாக மாற்றுங்கள். 12-ஆம் ஃப்ரெட்டில், அதாவது கழுத்தில் உள்ள 12-ஆவது உலோகக் கட்டில், லேசாகத் தொட்டு மீட்டும் ஹார்மோனிக்கும், அதே இடத்தில் அழுத்தி மீட்டும் ஸ்வரமும் ஒன்றாக இருக்க வேண்டும். அழுத்தியது ஏறிக் கேட்டால் பிரிட்ஜை மயிரிழை அளவு வால் பக்கம் தள்ளுங்கள். இதைச் செய்யாமல் எவ்வளவு சாதகம் செய்தாலும் அபஸ்வரம்தான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பழைய நாட்டுப்பாடல், ப்ளூஸ், ஜாஸ் மூன்றுக்கும் இடது கை அவ்வளவாக மாறாது. மாறுவது வலது கையின் நடை. நான் சின்ன வயதில் மிருதங்கம் பழகியவன். அதனால் யார் வந்தாலும் முதலில் சொல்கட்டைத்தான், அதாவது தாளத்தின் வாய்ச்சொற்களைத்தான், சொல்ல வைப்பேன்.

ஐந்து கம்பிப் பாஞ்சோவை ஓபன் ஜி-யில் சுருதி சேர்த்துவிட்டால், இடது கையே இல்லாமல் ஜி கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக்கூட்டு) ஒலிக்கும். கம்பியை மீட்ட விரலில் மாட்டுவது பிக்: கட்டைவிரலுக்கு பிளாஸ்டிக் பிக், ஆள்காட்டிக்கும் நடுவிரலுக்கும் உலோக பிக். கட்டை-ஆள்காட்டி-நடு, மறுபடி கட்டை-ஆள்காட்டி-நடு, பிறகு கட்டை-நடு. கம்பி வரிசை 3-2-1, 5-2-1, 5-1. வாயில் சொல்லிப் பாருங்கள்: தகிட தகிட தக. எட்டு அட்சரம், மூன்று-மூன்று-இரண்டு. 1945-இல் மாண்டலின்காரர் பில் மன்றோவின் குழுவில் சேர்ந்து பாஞ்சோக்காரர் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் ஊரைத் திரும்பிப் பார்க்க வைத்த மூன்றுவிரல் பாணிக்கு இதுதான் பாலபாடம். வேகம் கூட்டும்போது கடைசி "தக" அவசரப்படும். காலால் தாளம் போட்டுக்கொண்டே வாசித்தால் அடங்கும். இதைவிடப் பழைய க்ளாஹாமர் பாணியில் பிக் கிடையாது. நகத்தின் முதுகால் கீழ்நோக்கி அடி, கட்டைவிரல் ஐந்தாம் கம்பியில் வந்து உட்காரும்: "தாம், தக, தாம், தக". வீட்டில் தூங்குகிறவர்கள் இருந்தால் இதுதான் நல்லது.

மாண்டலினில் பழைய நடன மெட்டுகளுக்கு பிக் கீழ்-மேல், கீழ்-மேல். அடி விழும் இடமெல்லாம் கீழே. ஜிக் என்ற மூன்று மூன்றாக எண்ணும் நடன மெட்டு வந்தால் மட்டும் தகிடவுக்குக் கீழ்-மேல்-கீழ். பிக் ஒரு மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். மெல்லியது ஜோடிக் கம்பியில் சளசளக்கும்.

ப்ளூஸுக்கு அதே தகிடவை எடுத்து நடுவில் உள்ள "கி"யை விழுங்கிவிடுங்கள். த-ட, த-ட என்று நொண்டி நடக்கும். அந்த நொண்டல்தான் ப்ளூஸ். ஜி-யில் 12 பார் (பார் என்றால் ஒரு தாளச் சுற்று): ஜி7 நான்கு, சி7 இரண்டு, ஜி7 இரண்டு, டி7 ஒன்று, சி7 ஒன்று, ஜி7 இரண்டு. தடித்த கம்பியிலிருந்து ஃப்ரெட் எண்களைச் சொன்னால் (0 என்றால் அழுத்தாத கம்பி) மாண்டலினில் ஜி7 0-0-2-1, சி7 3-2-3-0, டி7 2-0-3-2. ஜோடிக் கம்பியைக் கிடார் மாதிரி இழுத்து வளைக்க முயலாதீர்கள், விரல்தான் கிழியும். ஏ கம்பியில் முதல் ஃப்ரெட்டிலிருந்து இரண்டாவதுக்கு வழுக்குங்கள். அந்த நழுவலிலேயே ப்ளூஸின் மூன்றாம் ஸ்வரம் கிடைத்துவிடும். ப்ளூஸ் மாண்டலின்காரர் யாங்க் ரேச்சலைக் கேளுங்கள். 1929-இல் மெம்பிஸில் ப்ளூஸ் பாடகர் ஸ்லீப்பி ஜான் எஸ்டஸோடு பதிவு செய்தவர்.

ஜாஸுக்கு ஐந்து கம்பியை ஓரமாக வையுங்கள். நான்கு கம்பி டெனர் பாஞ்சோ வேண்டும், சி-ஜி-டி-ஏ. இதில் ஒரு லாபம் இருக்கிறது. டெனரின் மேல் மூன்று கம்பியும் மாண்டலினின் கீழ் மூன்று கம்பியும் ஒன்றே: ஜி-டி-ஏ, ஸ்தாயிகூட மாறாது. ஆகவே ஒரு கருவியில் பிடித்தது மற்றதிலும் செல்லும். அந்த மூன்று கம்பிகளில் 5-3-5 பிடியுங்கள், டி மைனர் 7. ஜி கம்பி விரலை ஒரு ஃப்ரெட் இறக்கினால் 4-3-5, ஜி7. டி கம்பி விரலை ஒன்று இறக்கினால் 4-2-5, சி மேஜரின் வீட்டுக்கு வந்துவிட்டீர்கள். சி ஸ்வரமே அதில் இல்லையே என்று பதறாதீர்கள், அதை பேஸ்காரர் பார்த்துக்கொள்வார். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரே விரல்தான் நகர்கிறது. இதை முதலில் கண்டபோது எனக்கு மிருதங்க ஆசிரியர் மேலேயே கோபம் வந்தது, ஏன் இப்படி ஒன்று இருப்பதைச் சொல்லவில்லை என்று!

வலது கைக்கு "தக் தக் தக் தக்", சம அளவில் நான்கு. ஒவ்வொன்றும் அடித்த உடனே இடது விரலைத் தளர்த்தி ஒலியை வெட்ட வேண்டும். 1925-இல் ஜாஸ் ட்ரம்பெட்காரர் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் ஹாட் ஃபைவ் குழுப் பதிவுகளில் ட்ரம்ஸும் இல்லை, பேஸும் இல்லை. ஜானி செயின்ட் சிரின் பாஞ்சோவும் லில் ஹார்டினின் பியானோவும்தான் தாளத்தைத் தாங்கின. அங்கே பாஞ்சோவை மட்டும் காது கொடுத்துக் கேட்டாலே ஒரு மாத வகுப்பு மிச்சம்.

கடற்கரை ஊரில் இருப்பவர்கள் வாசித்து முடித்ததும் கம்பியைத் துடையுங்கள். வியர்வையும் உப்புக்காற்றும் சேர்ந்து துரு பிடிக்கும். பாஞ்சோவுக்கு நிஜத் தோல் வேண்டாம், மழைக்காலத்தில் தொய்ந்துவிடும், மைலார் என்ற பிளாஸ்டிக் தோல் போதும். பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டினால், பின்புறம் தோலுக்கும் உள்ளே ஓடும் கம்பிக்கும் நடுவே பழைய காலுறை ஒன்றைச் செருகுங்கள். சத்தம் பாதியாகும், விரல் பயிற்சிக்குக் குறை வராது.